இன்னொரு ரைடர் வேண்டாம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைத் தாண்டி மெயின் ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, தமிழ் தலைவாஸ் ஜெர்சி போட்ட ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். முதுகில் பவன் பெயர். அதே ஜெர்சி என்னிடமும் ஒன்று இருக்கிறது. சென்னையில், அலமாரியின் அடித்தட்டில், மடிப்புக் கலையாமல்.

"அண்ணே, அடுத்த ஏலத்துல யாரை எடுக்கலாம்னு நெனைக்கிறீங்க?"

மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் நாலு பெயர் சொல்லிவிட்டார்கள். டீ மாஸ்டர் ஒரு பெயர், பெஞ்சில் இருந்த மாமா ஒரு பெயர், பைக்கை அணைக்காமலே நின்ற இருவர் ஆளுக்கு ஒரு பெயர். நாலும் ரைடர்கள். கார்னரில் நின்று பிடிக்கிற ஒருத்தன் பெயர்கூட அந்தப் பேச்சில் வரவில்லை. மூன்று வருடம் முன்னால் என்றால் ஐந்தாவது பெயரை நான் சொல்லியிருப்பேன்.

இந்தக் கட்டுரை அந்த நாலு பேருக்கு எதிரானது. அந்த ஐந்தாவது ஆளுக்கும் எதிரானது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ப்ரோ கபடி லீக் 2014இல் எட்டு அணிகளோடு ஆரம்பித்தது. 2017இல் அது பன்னிரண்டானபோது தமிழ் தலைவாஸ் வந்தது. உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன், கேப்டன் அஜய் தாக்குர். மூன்று பெரிய பெயர்கள். அந்த வருடம் தன் பிரிவில் கடைசி இடம். 2018இலும் பிரிவில் கடைசி. 2019இல் ராகுல் சவுத்ரியை வாங்கினார்கள். ஒரு பக்கம் அஜய் தாக்குர், இன்னொரு பக்கம் ராகுல் சவுத்ரி, நாட்டின் பெரிய ரைடர்களில் இரண்டு பேர் ஒரே அணியில். "இனி யாரால நிறுத்த முடியும்?" என்று நாங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குதித்தோம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். அடுத்த சீசனில் பதினொன்றாவது.

2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. நான் ஜெர்சி வாங்கியது அப்போதுதான். முதல் ஆட்டம் குஜராத்தோடு. அந்த அணிக்கு அன்று கேப்டன் தமிழ்நாட்டுக்காரரான சந்திரன் ரஞ்சித் என்பதை நான் கவனிக்கக்கூட இல்லை, என் கண் முழுக்க பவன்மேல். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். அந்த சீசனில் அதற்கப்புறம் அவர் ஆடவே இல்லை.

அந்த ராத்திரி எங்கள் குரூப்பில் ஒரே ஒப்பாரி. சீசன் முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டு நான் போனை அணைத்தேன்.

முடியவில்லை. உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. நரேந்தர் என்று ஒரு பையன். ஏலத்தில் யாரும் கையைத் தூக்கி வாங்கியவன் இல்லை, புதிய இளம் வீரர்கள் என்ற வழியில் அணிக்குள் வந்தவன். முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள் எடுத்தான். அவனோடு அஜிங்கியா பவார் மாற்றி மாற்றிப் போனார். பின்னால் சாகர், சாஹில் குலியா, மோகித், அபிஷேக், ஹிமான்ஷு என்று பிடிக்கிற பையன்கள். நடுவில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். அணி முதன்முறையாகப் பிளே ஆஃப் போனது. யு.பி. யோத்தாஸை டை பிரேக்கரில் தாண்டி அரையிறுதியும் ஆடியது. புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது.

எட்டு சீசன்களில் அந்த அணி பிளே ஆஃப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். வாங்கிய நட்சத்திரம் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த சீசனில்.

இதிலிருந்து ஒரு பாடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2024இல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கினார்கள், அந்த ஏலத்தின் அதிகபட்ச விலை. ஒரு அணி செலவழிக்க முடிந்த மொத்தப் பணமே 5 கோடி. அதில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று ஒரு ஆளுக்கு. ஒன்பதாவது இடம். 2025இல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தார்கள், பவனையும் திரும்பக் கூட்டி வந்து கேப்டன் ஆக்கினார்கள். செப்டம்பரிலேயே பவன் அணியை விட்டுப் போனார். ஒழுங்குப் பிரச்சினை என்றது அணி, அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் பேச்சு இல்லை. முதல் எட்டு அணிகளில் தலைவாஸ் இல்லை என்பதுதான் பேச்சு.

இத்தனைக்கும் பிறகு டீக்கடையில் நாலு ரைடர் பெயர்!

ஏன் இது திரும்பத் திரும்பத் தோற்கிறது என்பதற்கு ராசி, ஜாதகம் எதுவும் தேவையில்லை. விதிமுறையிலேயே பதில் இருக்கிறது. பாடிப் போனவன் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவன் திரும்ப உள்ளே வர, மேட்டில் மிச்சம் இருக்கிற அவன் ஆட்கள் எதிரணியில் ஒருத்தரைத் தொட்டோ பிடித்தோ வெளியே அனுப்ப வேண்டும். ஒருத்தர் போனால் நம்மில் ஒருத்தர் உள்ளே. போனஸ் புள்ளி எடுத்தால் ஸ்கோர் ஏறும், ஆள் வராது. அதிலும் வரிசை உண்டு. முதலில் வெளியே போனவர்தான் முதலில் வர முடியும். நம் நட்சத்திரம் மூன்றாவதாக வெளியே போயிருந்தால், அவருக்கு முன்னால் இரண்டு பேர் உள்ளே போனபிறகுதான் அவர் முறை. ரேஷன் கடை க்யூ மாதிரி. இரண்டு கோடி ரூபாய் ஆளுக்கும் தனி க்யூ கிடையாது.

இப்போது எதிரணி என்ன செய்யும்? அவசரமே படாது. வருவான், கோட்டைத் தாண்டுவான், யாரையும் தொடாமல் முப்பது விநாடியை ஓட்டிவிட்டுத் திரும்பிப் போவான். இரண்டு ரைடு இப்படிச் சும்மா போகலாம், மூன்றாவதில்தான் கட்டாயம் புள்ளி எடுக்கணும். நம் பக்கத்தில் நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிற மூன்று பேருக்கு ரைடு வராது, பிடிக்க வந்தவனும் கைக்குச் சிக்கமாட்டான். ஆல் அவுட் ஆனால் ஏழு பேரும் திரும்ப வந்துவிடுவார்களே என்று, கடைசி ஆளை வேண்டுமென்றே விட்டுவைக்கிற ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன். ஆட்டமே மொத்தம் நாற்பது நிமிடம். அதில் ஆறேழு நிமிடம் நம் இரண்டு கோடி வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

நான் வேலை பார்க்கிற இடத்தில், ஒரே ஒரு மெஷின் நின்றால் மொத்தமும் நின்றுபோகிற மாதிரி ஒரு சிஸ்டத்தை வடிவமைத்துக் கொண்டுபோனால், மீட்டிங்கில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். "அது நின்னா என்ன பண்ணுவ?" என்பதுதான் முதல் கேள்வி. அதைவிடப் பெரிய மெஷினாக வாங்குவேன் என்று சொன்னால் வேலை போகும். நம் அணி வருடா வருடம் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாமும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். டீக்கடையிலேயே வந்தவைதான்.

"அப்ப பர்தீப் நர்வால்? பாட்னா மூணு கோப்பை தொடர்ச்சியா அடிச்சுதே, ஒரே ஆளை வெச்சு?" ஒரே ஆளை வைத்து இல்லை. 2017இல் பர்தீப் 369 ரைடு புள்ளிகள் எடுத்தது உண்மை. அதே அணியில் மோனு கோயத் என்ற இரண்டாவது ரைடர் எதிரணிகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். பர்தீப் வெளியே இருந்தால் அவரை உள்ளே கொண்டுவர ஆள் இருந்தது. பிறகு 2021இல் அதே பர்தீப்பை 1 கோடியே 65 லட்சத்துக்கு உத்தரப் பிரதேச அணி வாங்கியது. கோப்பை அவரோடு கூட வரவில்லை. பவனையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடமிருந்து போனபிறகு 2023 ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. அந்த சீசனில் டைட்டன்ஸுக்குக் கடைசி இடம். பவன் மோசமான ஆட்டக்காரரா? இல்லவே இல்லை. நம் காலத்தின் மிகப் பெரிய ரைடர்களில் ஒருவர். பிரச்சினை அவர் இல்லை, அவரை மட்டும் நம்புவது.

"காசு குடுக்காம யாரு ஜெயிச்சா? ஷாட்லூயிக்குக் கொட்டிக் குடுக்கலையா?" நல்ல கேள்வி. ஈரான்காரர் ஷாட்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்கு வாங்கிய புனே அந்த சீசனில் கோப்பை எடுத்தது. அடுத்த சீசன் அவரை 2 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஹரியானா கோப்பை எடுத்தது. ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டு அணிகளும் பெரிய பணத்தைக் கொட்டியது முதலில் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளுக்கு. ரைடு வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். புனேயில் அஸ்லம், மோகித் கோயத், பங்கஜ் மோஹிதே. ஹரியானாவில் வினய், சிவம் படாரே. ஒருத்தன் போனால் அடுத்தவன். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஷாட்லூயியாலும் ஒன்றும் முடியாது. 2025இல் அவர் குஜராத்துக்குப் போனார், அந்த அணி முதல் எட்டுக்குள்கூட வரவில்லை.

"2023ல பசங்களை வெச்சுத்தானே ஆடுனாங்க? ஒன்பதாவது இடம்தானே?" இது பைக்கில் நின்ற தம்பி கேட்டது. நேர்மையாகச் சொன்னால், இதுதான் என்னைத் தடுமாற வைத்த கேள்வி. ஆமாம். 22 ஆட்டத்தில் 9 வெற்றி, 13 தோல்வி. ஆனால் அந்த வருடம் நடந்தது என்ன? நரேந்தரே புதிய நட்சத்திரம் ஆகிவிட்டான். முந்தின வருடம் யாருக்கும் தெரியாத பையனை இப்போது எல்லா அணிகளும் வீடியோ போட்டுப் படித்துவிட்டு வந்தன. அவன் பிடிபட்ட ராத்திரிகளில் அணி அப்படியே நின்றது. தேவைப்பட்டது நரேந்தருக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் இரண்டு பையன்கள். அதற்கு இரண்டு வருடப் பொறுமை வேண்டும். அணிக்கு அந்தப் பொறுமை இல்லை. நமக்கு அதைவிட இல்லை. "ஒரு பெரிய ரைடர் வேணும்" என்று அந்த சீசன் முழுக்கக் கத்தினது யார்? நாம்தான்.

இன்னொரு கட்சி உண்டு. அவர்களையும் விடக் கூடாது. "பேரு தமிழ் தலைவாஸ், ஆடுறவன் பூரா ஹரியானாக்காரன். ஏழு பேரும் தமிழனா இருக்கணும்" என்கிற கட்சி. கேட்க இனிமையாக இருக்கிறது. நானே மேடையில் பேசினால் கைதட்டு வாங்குவேன். ஆனால் நம்மைக் காப்பாற்றிய நரேந்தர் எந்த ஊர்? அவனும் வடக்கே இருந்து வந்த பையன்தான். அந்த வருடம் அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள், தோற்றதும் அவன் ஊரைக் கேட்பது அசிங்கம்.

அந்தக் கட்சியின் கோபத்துக்குள் ஒரு உண்மை இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய மணத்தி கணேசன் இங்கிருந்து போனவர். 'பைசன்' படம் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியும். 2016இல் பாட்னா கோப்பை எடுத்தபோது கேப்டன் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். கார்த்திகாவுக்கு இந்த லீக்கில் இடமே கிடையாது, இது ஆண்கள் லீக். அது தனிக் கட்டுரைக்கான கோபம்.

எனக்கு வயிறு எரிவது வி. அஜித்குமார் விஷயத்தில். 2019இல், அந்தப் பன்னிரண்டாவது இட சீசனில், தலைவாஸுக்காக ஆடி நம்பிக்கை கொடுத்த தமிழ்ப் பையன். தாக்குரும் ராகுலும் இருந்த அணியில் அவன் ஆட்டத்தைப் பார்த்து நாம் என்ன கேட்டிருக்க வேண்டும்? "இவனை வெச்சுக்கோங்க." கேட்டோமா? அடுத்து யாரை வாங்கலாம் என்றுதான் கேட்டோம். 2022இல் ஜெய்ப்பூர் கோப்பை எடுத்த அணியில் அஜித்குமார் இருந்தான், இறுதி ஆட்டத்திலும் ஆடினான். நாம் கையில் வைத்திருந்து விட்டது. பிறப்புச் சான்றிதழ் பார்த்து ஆள் எடுக்கச் சொல்லவில்லை. கையில் வந்தவனை வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்கிறேன். தமிழனானாலும் ஹரியானாக்காரனானாலும் இதே கதைதான்.

எங்கள் ஊர்க்காரன் இதைச் சொல்ல ஒரு உரிமை இருக்கிறது. ஆயிரம் வருடம் முன்னால் ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை ரைடு போய் ஜெயித்துவிட்டு வந்தது. குடங்களில் கங்கை நீர் வந்தது. அந்த நீரை ஊற்றிச் சோழகங்கம் என்று ஒரு ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. இன்றைக்குப் பொன்னேரி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் குடத்துக் கதையைத்தான் சொன்னார்கள். கங்கையிலிருந்து குடம் வந்தது, குடம் வந்தது. ஊரே பெருமைப்படும்.

ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை ஆயிரம் குடம் வந்தாலும் அந்த ஏரியில் கணுக்கால் நனையாது. அதன் கரை மட்டும் சுமார் 16 மைல் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. கொள்ளிடத்திலிருந்து ஒரு நீண்ட வாய்க்கால், வெள்ளாற்றிலிருந்து இன்னொரு வாய்க்கால். ஏரியை நிரப்பியது அவைதான். கங்கை நீர் பெயர் கொடுத்தது, கொள்ளிடத்து நீர் பயிர் கொடுத்தது. குடம் தூக்கி வந்த படையைப் பாடுகிறோம். வாய்க்கால் வெட்டியவனை யாரும் பாடவில்லை.

தலைவாஸ் எட்டு வருடமாகக் குடம் வாங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல குடங்கள்தான், வடக்கே இருந்து வந்த உயர்ந்த ரகம். ஊற்ற ஏரிதான் இல்லை.

வாய்க்கால் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரத்தில் மின்னொளி கபடிப் போட்டி எங்கே நடந்தாலும் அவன் செட் அங்கே இருக்கும். முந்திரித் தோப்பை ஒட்டின மண் தரையில் ஆடி வளர்ந்தவன். இடது பக்கம் ஏமாற்றி வலது காலை நீட்டித் தொடுவான், பார்க்கிற எனக்கே எப்போது தொட்டான் என்று தெரியாது. இரண்டு வருடம் முன்னால் ஒரு தேர்வுக்குப் போனான். எந்த அணி, எந்த ஊர் என்பது வேண்டாம். நூற்றுக்கணக்கான பையன்கள். அவன் முறை வந்தபோது அவனுக்குக் கிடைத்தது மூன்று ரைடு. வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்டில் கால் வைத்தான், முதல் தடவையாக ஷூ போட்டான். அதுவும் கூட வந்தவனிடம் இரவல், ஒரு சைஸ் பெரிசு. முதல் ரைடில் திரும்பும்போது வழுக்கியது. இரண்டாவதில் பயந்துபோய்ச் சும்மா வந்தான். மூன்றாவதில் பிடிபட்டான். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"சித்தப்பா, மண்ணுல நிக்கிற கால் அதுல நிக்க மாட்டேங்குது" என்றான் வந்து. அவ்வளவுதான் சொன்னான்.

அவன் அடுத்த பவன் என்று நான் சொல்லவில்லை. மேட்டில் ஆறு மாதம் ஆடியிருந்தாலும் தேறாமல் போயிருக்கலாம். ஆனால் அவன் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது அவன் ஷூவை. அரியலூர், பெரம்பலூர் கிராமங்களில் இவனைப் போல எத்தனை பேர் மண்ணிலேயே ஆடி, இருபத்தைந்து வயதில் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்கள் என்பது எனக்குக் கண்ணால் பார்த்த கணக்கு. என்னோடு ஆடிய செட்டில் மூன்று பேர் அப்படிப் போனார்கள்.

ஏலப் பணம் வேறு, பயிற்சிக்குச் செலவழிக்கிற பணம் வேறு என்று எனக்கும் தெரியும். ஒரு ரைடருக்குக் கொடுக்காத பணம் தானாக எங்கள் ஊருக்கு மேட்டாக வந்து விரியாது. ஆனால் ரசிகன் எதைக் கேட்கிறானோ அதைத்தான் அணி விற்கும். ஏல நாளில் நாம் பெயர் கேட்கிறோம், அவர்கள் பெயர் வாங்கி ஜெர்சியில் அச்சடித்து நமக்கே விற்கிறார்கள். நான் வாங்கினேன். கேள்வியை மாற்றினால் பதில் மாறாதா?

கேட்க வேண்டியவை எளிமையான கேள்விகள். இந்த சீசனில் இளம் வீரர்கள் எத்தனை பேரை எடுத்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடமாவது மேட்டில் நின்றார்கள்? போன வருடம் எடுத்தவர்கள் எங்கே? முதல் ரைடர் வெளியே போனால் இரண்டாவது யார், மூன்றாவது யார்? இடது கார்னரும் வலது கார்னரும் சேர்ந்தாற்போல எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள்? சென்னையைத் தாண்டி எந்த மாவட்டத்தில் மேட் விரித்துத் தேர்வு வைத்தீர்கள்? ஒரு பையனுக்கு எத்தனை ரைடு கொடுத்தீர்கள்?

டீக்கடையில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. ஜெர்சிப் பையன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிண்ணே. ஆனா யாராவது ஒருத்தரைச் சொல்லுங்களேன்" என்றான்.

அவன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. என் அலமாரியில் இருப்பதும் அதே ஜெர்சிதான்.

அண்ணன் மகன் இந்த வருடம் இன்னொரு தேர்வுக்குப் போகிறான். அவன் சைஸிலேயே ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொங்கல் மூன்று நாளும் அதைப் போட்டுக்கொண்டு மண்ணில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தான். ஷூ கடையில் கிடைக்கும். மேட்?